பச்சை வெஸ்டின் கனம்

என் கணவர் வேட்டைக்குப் போகத் தொடங்கியது ஆட்டுக்கறிக்காகத்தான். எண்பதுகளில் ஆக்லாந்தின் எந்த இறைச்சிக் கடைக்குப் போனாலும் செம்மறி கிடைக்கும், வெள்ளாடு கிடைக்காது. செம்மறியின் கொழுப்பு வாடை எவ்வளவு மிளகு அரைத்துப் போட்டாலும் போகாது. ஊரை விட்டுச் சாம்பியாவுக்குப் போய், அங்கிருந்து வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்குக் குடியேறிய முதல் வருடம், தீபாவளிக்கு முந்திய நாள், அடுத்த தெருவில் இருந்த ஃபிஜிக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையில் வெள்ளாட்டுத் தொடையைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார்.

"அக்கா, இது ஹுனுவா மலை ஆடு. நான் சுட்டது. நீ கறி வை."

அவருடைய முன்னோர்கள் வட ஆற்காட்டிலிருந்து ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். மோதி நெளிந்த கார்களைத் தட்டிச் சீராக்கி வண்ணம் அடிக்கும் பட்டறை ஒன்று வைத்திருந்தார். அவர் பேசிய தமிழில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. என்னையும் நீ என்பார், என் கணவரையும் நீ என்பார், கோயில் ஐயரையும் நீ என்பார். முதலில் எனக்குத் திடுக்கென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்தக் கறியைத் தின்றுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் என் கணவர் கேட்டார்: "துவக்கு லைசென்ஸ் எடுக்கிறது கஷ்டமோ?"

கஷ்டமில்லை. ஒரு வகுப்பு, ஒரு சின்னச் சோதனை, அதன் பிறகு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அவர் என்னைத் தனியாகச் சமையலறையில் இருத்தி வைத்துக் கேட்டார்: உன் கணவர் குடிப்பாரா, கோபக்காரரா, இந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பதில் உனக்கு ஏதாவது பயம் உண்டா? எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லியைக்கூடத் துடைப்பத்தால் மெல்லத் தள்ளிவிடும் மனிதர். பயமே இல்லை என்றேன். அது உண்மைதான்.

வெஸ்ட் அதற்குப் பிறகு வந்தது. நகரத்தில் ராணுவம் கழித்துவிட்ட பொருட்களை விற்கும் கடையொன்றில் வாங்கினார். கையில்லாத மேற்சட்டை, ராணுவப் பச்சை. தடித்த துணி, தோளில் அகலமான பட்டிகள், இடுப்பில் ஒரு பெல்ட், நெஞ்சிலும் விலாவிலும் முதுகிலுமாகப் பைகள். சிப்பாய்கள் சாமான் சுமப்பதற்காகத் தைத்தது. பின்கழுத்தில் ஒரு நாடா வளையம் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "காயப்பட்டு விழுந்தவனை இழுத்துக்கொண்டு போறதுக்கு," என்றார்.

"உந்தச் சட்டையை வீட்டுக்குள்ளை கொண்டுவராதேங்கோ. ஊரிலை உப்பிடி ஒண்டு வீட்டிலை கிடந்தால் ஆமிக்காரர் வீட்டையே கொளுத்திப்போடுவாங்கள்."

"இது ஊர் இல்லையப்பா," என்றார்.

அந்த வெஸ்டை அவர் நேசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லர்ஸ்லியில் ஒரு கட்டட நிறுவனத்தில் மதிப்பீட்டாளர் வேலை. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு கண்ணாடி என்று திட்டமிட்டே பழகியவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் முன்னறைக் கம்பளத்தில் வெஸ்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கத்தி, திசைகாட்டி, கயிறு, ஃபிலிம் டப்பாவுக்குள் தீக்குச்சி, டார்ச், தண்ணீர்ப் போத்தல்கள், மழைக்கோட்டு. தோட்டாக்களுக்கு இடது நெஞ்சுப் பை. ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போக வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் எடுத்துக் கொடுப்பாள், அவர் பையில் போட்டுப் பொத்தானை அமுக்குவார். "என்ரை அலுமாரி," என்பார் அந்த வெஸ்டை.

ஃபிஜிக்காரரிடம் வெஸ்டும் இல்லை ஒன்றும் இல்லை. பழைய கம்பளிச் சட்டையும் ஒரு சாக்குப் பையும்தான். "அண்ணன் சண்டைக்குப் போறான், நான் கறிக்குப் போறேன்," என்று கேலி செய்வார். இரண்டு குடும்பமாக ஹுனுவாவில் கூடாரம் போட்டுத் தங்கியும் இருக்கிறோம். ஓடைக்கரையில் நானும் அவர் மனைவியும் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டோம். அந்தச் சனிக்கிழமைகளை நினைக்கும்போது எனக்கு வேறு யாருடைய வாழ்க்கையையோ பார்ப்பதுபோல இருக்கிறது.

பங்குச் சந்தை விழுந்தது. செய்தியில் கேட்டபோது அது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றுதான் நினைத்தேன். எங்களிடம் பங்கு எதுவும் இல்லை. ஆனால் நகரத்தின் பாதிக் கட்டடங்கள் அந்தப் பங்குகளின் மேல்தான் எழும்பிக்கொண்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டு குளிர்காலம் தொடங்குமுன் என் கணவரின் நிறுவனம் மூடப்பட்டது. நகர நடுவில் கிரேன்கள் அசையாமல் நின்றன.

முதலில் அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நேர்முகங்களுக்குப் போனார். அந்தத் துறையில் இருந்த எல்லோரும் அதே வாசல்களில்தான் நின்றார்கள். நான் ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் இந்திய ராணுவம் நின்ற காலம் அது. அவருடைய தாயிடமிருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் விண்ணப்பிப்பதை நிறுத்தினார். பிறகு சவரம் செய்வதை நிறுத்தினார். பிறகு கதைப்பதை.

வேட்டையை மட்டும் நிறுத்தவில்லை. வாரநாட்களில் தனியாகப் போகத் தொடங்கினார். ஆரம்பத்தில் குளிர்பெட்டி நிறைய இறைச்சி இருந்தது. மனிதர் எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதன் பிறகு வெறுங்கையுடன் வந்தார். வெஸ்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் நடமாடினார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மகள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "டாட் இஸ் ஸ்லீப்பிங் இன் ஹிஸ் ஹன்டிங் திங்." உள்ளே போய்ப் பார்த்தேன். சோபாவில், வெஸ்ட்டோடு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"தேத்தண்ணி போடட்டோ?"

கால்களை மடக்கி இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலை வாசலில் உன்னைத் தேடி ஒருவர் நிற்கிறார் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். போனேன். ஃபிஜிக்காரர் தன் வேனின் பக்கத்தில் நின்றார். கையில் வண்ணப் பூச்சு, பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். ஒருபோதும் அவர் அங்கே வந்ததில்லை. மகளுக்கு ஏதோ என்றுதான் நினைத்தேன்.

"பாப்பா நல்லா இருக்கு அக்கா. அண்ணன் விஷயம்." கையைக் காற்சட்டையில் துடைத்தார். "சனிக்கிழமை ரெண்டு பேரும் போனோம் இல்ல. ஆடு பக்கத்துல நின்னுது. கல்லால அடிக்கலாம், அவ்வளவு பக்கம். அண்ணன் துப்பாக்கிய தூக்கினான். அப்புறம் கீழ வச்சுட்டான். உக்காந்துட்டான். என்னாச்சு அண்ணான்னு கேட்டா, இந்தா எடுத்துக்கோன்னு கத்திய குடுத்தான். புதுக் கத்தி அக்கா. நீ பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது."

"ஏன் குடுத்தவர்?"

"எனக்கு இனிமே வேணாம், நீ வச்சுக்கோன்னான். காம்பஸும் குடுத்தான். நான் வாங்கிட்டேன், என்ன சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா தூங்கல." அவர் கண் சிவந்திருந்தது. "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. நீ அவன்கிட்ட கேளு."

"என்னெண்டு கேக்கிறது?"

"சாவணும்னு இருக்கியான்னு கேளு."

தொழிற்சாலை மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் போய் அன்று மாலைவரை டப்பாக்களுக்கு மூடி போட்டேன். என் கைகள் அந்த வேலையைச் செய்தன.

வீட்டுக்கு வந்தபோது அவர் தோட்டத்தில் மகளுக்கு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுகிறார், பார்வை வேறெங்கோ. வெஸ்ட் சலவை இயந்திரம் இருந்த அறைக் கதவின் பின்னால் தொங்கியது. நான் அதைக் கொக்கியிலிருந்து தூக்கினேன். அதற்குக் கனம் இல்லை.

அந்த வெஸ்டை எத்தனையோ தடவை தரையிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். இப்போது ஒரு சட்டையைப்போல வந்தது. ஒவ்வொரு பையாகப் பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். கயிறு இல்லை. தீக்குச்சி இல்லை. டார்ச் இல்லை. மழைக்கோட்டு இல்லை. தண்ணீர்ப் போத்தல்கள் இல்லை. இடது நெஞ்சுப் பையில் மட்டும் தோட்டாக்கள் இருந்தன.

தண்ணீர் இல்லாமல், சாப்பாடு இல்லாமல், இருட்டினால் டார்ச் இல்லாமல் மனிதர் காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

தோட்டாக்களை ஒரு துவாயில் சுற்றினேன். அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டியையும் எடுத்தேன். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். ஃபிஜிக்காரர் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். "நான் வந்து துப்பாக்கிய எடுத்துட்டு வரட்டா?"

"நாளைக்குக் காட்டுக்கு நான் அவரோடை போறன். அதுக்குப் பிறகு வாங்கோ." வீட்டில் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மகளும் இருப்பாள். ஃபிஜிக்காரரின் மனைவி எங்கள் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். எனக்குக் கறிவேப்பிலையும் ஒடித்துத் தந்தாள்.

காலையில் அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டு சலவை அறைக்கு வந்தபோது வெஸ்டை நான் போட்டிருந்தேன். சுடிதாருக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் வெஸ்ட். பெல்ட் என் தொடையில் வந்து நின்றது. தோள்பட்டிகளை எவ்வளவு இழுத்தாலும் இறுகவில்லை. விடியுமுன் எழுந்து, வீட்டில் அங்கங்கே கிடந்த சாமான்களைத் தேடியெடுத்துப் பைகளை நான் நிரப்பியிருந்தேன். எது எங்கே போக வேண்டும் என்பது பார்த்துப் பார்த்தே பாடமாகியிருந்தது.

"இதென்ன கோலம்?"

"நானும் வாறன்."

"வேலை?"

"லீவு சொல்லிப்போட்டன்."

"மழை வரும்."

"மழைக்கோட்டு ரெண்டு கிடக்கு. முதுகுப் பையிலை."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. துப்பாக்கியை உறையோடு எடுத்துக்கொண்டு காரில் போய் ஏறினார். கூடாரத் துணியை நான் பின்சீட்டில் எறிந்தேன். அவர் ஹுனுவாவுக்கு ஓட்டினார்.

காட்டுப் பாதை சேறாக இருந்தது. அவர் துப்பாக்கியோடும் கூடாரத் துணியோடும் முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்காமல். வெஸ்டின் பட்டிகள் என் தோளை அறுத்தன. தண்ணீர்ப் போத்தல் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இடித்தது. இவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு இந்த மனிதர் எப்படி ஒரு காலத்தில் விசில் அடித்துக்கொண்டு நடந்தார் என்று நினைத்தேன். ஒரு சரிவில் கொடி ஒன்று காலில் சிக்கி முகம் குப்புற விழுந்தேன். முன்பக்கப் பைகள் சேற்றில் புதைந்தன. கனத்தில் என்னால் எழும்ப முடியவில்லை. கத்தவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்கழுத்து வளையத்தில் ஒரு பிடி. அவர்தான் தூக்கி நிறுத்தினார். முகத்தில் சேற்றைத் துடைத்துவிட்டார். கையை எடுத்துவிட்டு மறுபடி முன்னால் நடந்தார், ஆனால் மெதுவாக.

நாங்கள் முன்பு கூடாரம் போட்ட அதே ஓடைக்கரையில் உட்கார்ந்தார். அக்கரையில் ஆடுகள் வந்தன. ஒரு கறுப்புக் கிடாயும் சில பெட்டை மறிகளும். அவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஆடுகள் தண்ணீர் குடித்தன.

"என்னட்டைத் துவக்கு ரவை கேக்கேல்லை நீங்கள்," என்றேன்.

"உம்மட்டை இல்லையெண்டு தெரியும்."

"எப்பிடி?"

"நேற்று ராத்திரி பையைப் பாத்தனான்."

அந்த இரவு நான் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவர் எழுந்துபோனது எனக்குத் தெரியாது.

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "நீங்கள் சாகப் போறியளோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆடுகள் போய்விட்டன. மழைத்துளி இலைகளில் விழும் சத்தம் கேட்டது.

"கொஞ்ச நாளாய் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"இண்டைக்கும்?"

"இண்டைக்கு நீர் இதைப் போட்டுக்கொண்டு நிண்டதைப் பாத்த உடனை கோவம்தான் வந்தது."

"கோவம் வரட்டும்."

"காலமை எழும்பினால் எனக்குப் போறதுக்கு ஒரு இடமில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. நீர் போய்ப் பெட்டி கட்டுறீர். பின்னேரம் உம்மடை விரலைப் பாப்பன், ஒவ்வொண்டும் வெடிச்சுக் கிடக்கும். நான் இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் நல்லாய் இருப்பியள் எண்டு…"

பிற்காலத்தில் எத்தனையோ பதில்கள் வந்தன, பேருந்தில், பாத்திரம் கழுவும்போது. அன்று வந்தது இதுதான்: "அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேக்கிறாள், அப்பா ஏன் இப்ப சாமான் அடுக்கிறேல்லை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் அழத் தொடங்கினார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. நான் துப்பாக்கியை அவர் மடியிலிருந்து எடுத்து என் பக்கத்தில் வைத்தேன். அவர் விட்டார். தேநீர் ஊற்றிக் கொடுக்கலாம் என்று ஃபிளாஸ்க் இருந்த விலாப் பையைத் திறக்கப் போனேன். அந்தப் பொத்தான் கழலவே இல்லை. இழுத்து இழுத்துப் பார்த்தேன். அவர்தான் கையை நீட்டி ஒரு விரலால் நெம்பித் திறந்தார். "மேலே இழுக்கக் கூடாது. பக்கத்தாலை," என்றார்.

மழை பலக்கவே, கூடாரத் துணியை இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டிக் கீழே உட்கார்ந்தோம். ரொட்டியும் சம்பலும் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒரு ரொட்டி தின்றார். அதைப் பார்த்தபடி நான் மழையோடு மழையாக அழுதேன்.

மாலைக்குள் திரும்பினோம். காரை நான் ஓட்டினேன். நேரே ஃபிஜிக்காரரின் வீட்டுக்கு விட்டேன். என் கணவரே இறங்கித் துப்பாக்கியை அவரிடம் நீட்டினார். "கொஞ்ச நாளைக்கு உன்னட்டை இருக்கட்டும்."

"சரி அண்ணா," என்று அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டில் பஜ்ஜி இருந்தது. நாங்கள் மூவரும் வாசலில் நின்று அதைத் தின்றோம்.

அடுத்த நாள் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டார். என் கணவர் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். தமிழில் என்னிடம் சொல்ல முடியாதது ஆங்கிலத்தில் ஓர் அந்நியரிடம் தடையில்லாமல் வந்தது. எவ்வளவு நாளாக, எந்த நேரங்களில், எந்த மரத்தடியில் என்று அவர் சொல்லச் சொல்ல நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரைகள் தந்தார்கள். பேசுவதற்கு வேறொருவரிடமும் அனுப்பினார்கள். எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் என்னோடு பல மாதங்கள் கோபமாக இருந்தார். "ஊரெல்லாம் சொல்லிப்போட்டீர்," என்றார் ஒருநாள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு. நான் சொன்னது ஃபிஜிக்காரரிடமும் அவர் மனைவியிடமும் மட்டும். ஆனாலும் கோயிலில் நாலு தமிழ்க் குடும்பம் நின்று கதைத்தால் அவர் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொள்வார். அவர் என்னைக் காப்பாற்றியவளாகப் பார்க்கவில்லை. தான் அவிழ்ந்துகிடந்த நேரத்தில் பார்த்துவிட்டவள் என்றே பார்த்தார். அது எனக்கு வலித்தது. இன்றும் முழுதாகப் போகவில்லை.

ஃபிஜிக்காரர் அவரைப் பட்டறைக்கு அழைத்தார். நெளிந்த காருக்கு எவ்வளவு வேலை, எவ்வளவு பாகம் வேண்டும் என்று மதிப்பிட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லும் வேலை. "அண்ணன் பெரிய பில்டிங்குக்கே சொல்றவன், இது சின்ன டப்பா," என்றார். முதல் வாரம் போகமாட்டேன் என்றவர் இரண்டாம் வாரம் போனார். ஒருநாள் சவரம் செய்துகொண்டு போனார். அடுத்த ஆண்டு நகரசபையில் ஒரு வேலை கிடைத்தது, முந்தியதைவிடச் சின்னது. துப்பாக்கியை விற்கச் சொல்லிவிட்டார். கூடாரம் போடப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை. பச்சை வெஸ்டை நான் பட்டிகளை வெட்டித் தைத்து என் அளவுக்கு ஆக்கிக்கொண்டேன். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரிய வேண்டும். அவர் அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

அந்த நகரசபை வேலை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு காலை, பால் முடிந்துவிட்டது என்று அவர் மூலையில் இருந்த டெய்ரி என்கிற சில்லறைக் கடைக்குப் போனார். போனால் உடனே வந்துவிடுகிற தூரம். வரவில்லை. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். மறுபடி அடுப்புக்கு வந்தேன். பிறகு வீட்டுச் செருப்போடு, கையில் அகப்பையோடு, தெருவுக்கு ஓடினேன். தெரு வெறுமையாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மூலையைத் திரும்பி அவர் வந்தார். ஒரு கையில் பால் போத்தல், மறுகையில் செய்தித்தாள். கடைக்காரரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டு நின்றாராம். நான் நிற்பதைக் கண்டதும் அவருடைய நடை மெதுவானது.

"ஏன் இஞ்சை வந்து நிக்கிறீர்?"

"சும்மா."

அவர் அகப்பையைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். பால் போத்தலை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். போத்தல் குளிர்ந்திருந்தது. மூச்சு சீராகும்வரை அதைப் பிடித்தபடி நான் தெருவிலேயே நின்றேன்.